நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், சேரித் தண்ணீர்

என் முன்பற்கள் காவி நிறம். குறுக்கே கோடு கோடாய், மழையில் கிடந்த தகரம் மாதிரி இருக்கும். வெற்றிலை போட்டதில்லை, பீடி பிடித்ததில்லை. தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் போகும் வழியில் ஒரு சேரியில் பிறந்து, அங்கே போட்ட அடிபம்புத் தண்ணியைக் குடித்து வளர்ந்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். படிக்கப் போன இடத்தில், விடுதியில், முதல் வாரமே ஒருத்தன் சொன்னான்: "இவனுங்க பல்லே விளக்க மாட்டானுங்கடா." நாலு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து மூன்று வருஷம் நான் வாயை மூடியேதான் சிரித்தேன்.

சேரியில் எல்லாருக்கும் பல் அப்படித்தான் இருந்தது. அதனால் அது ஒரு நோய் என்றே எங்களுக்குத் தெரியாது. பொண்ணு பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் முகம் சுளித்தபோதுதான் கொஞ்சம் உறைத்தது. என் ஆயாவுக்கு நாற்பத்தைந்து வயதிலேயே கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புவாள். "நாத்து நட்டு நட்டு குனிஞ்ச முதுகு, இனிமே எங்க நிமிரும்" என்பாள். நாங்களும் நம்பினோம். உழைப்பில் வளைந்த முதுகு என்றால் அதில் ஒரு கௌரவமாவது இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பல்லுக்கும் அந்தக் கழுத்துக்குமான வரலாறு. ஆனால் அதை நான் கடற்கரையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நிலத்துக்கு அடியில் கிடக்கிற தண்ணிக்கும் சரித்திரம் உண்டு, அந்தச் சரித்திரத்தில் சாதிக்கும் கை உண்டு என்பதை, கடலே இல்லாத மாவட்டத்துக்காரனான நான் கற்றது கடற்கரையில்தான்.

மிதக்கிற தண்ணி

1997-98இல் நிலவியல் முதுகலை படித்தேன். கடலோர நிலத்தடி நீர் பற்றிச் செய்முறை ஆய்வுக்காக நாகப்பட்டினம் பக்கம் அனுப்பினார்கள். அதற்கு முன் வகுப்பில் ஒரு படம் வரைந்து காட்டியிருந்தார்கள். கடலோரத்தில் மணலுக்கு அடியில் நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் சுவர் வைத்துப் பிரித்த மாதிரி இருப்பதில்லை. மழைத் தண்ணி லேசு, கடல் தண்ணி கனம். ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் ஆயிரம் கிலோ என்றால், அதே ஆயிரம் லிட்டர் கடல் தண்ணீர் சுமார் 1,025 கிலோ. இந்த 25 கிலோ வித்தியாசத்தில்தான் கடலோரத்து ஜனங்களின் குடிநீர் மொத்தமும் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே விழுந்த மழை மணலில் இறங்கி, கடல் தண்ணியின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, ஒரு அவரைக்கொட்டையைப் படுக்க வைத்த மாதிரி.

1888-89இல் ஹாலந்து நாட்டு ராணுவப் பொறியாளர் பாடோன் கைபனும், 1901இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க்கும் இதைத் தனித்தனியே கணக்காக எழுதினார்கள். கணக்கு சுலபம். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணி ஒரு மீட்டர் உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே அது நாற்பது மீட்டர் ஆழம் வரை இறங்கி நிற்கும். கேட்கச் சந்தோஷமான கணக்கு. இதையே திருப்பிப் போட்டால் பயமான கணக்கு. மேலே ஒரு மீட்டரை உறிஞ்சி எடுத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு நாற்பது மீட்டர் மேலேறி வரப் பார்க்கும். உடனே வராது, காலம் எடுத்துக்கொள்ளும். ஆனால் வந்துவிட்டால் எளிதில் திரும்பிப் போகாது. நூற்றுக்கு ஐந்து பங்கு கடல் தண்ணி கலந்தாலே போதும், அது குடிதண்ணி இல்லை.

நாகை கடற்கரையில் கூலி வேலை செய்கிற ஒரு அம்மாவிடம் ஊற்று பற்றிக் கேட்டேன். என் கையிலிருந்த துளைக்கருவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் எதுக்குத் தம்பி? ஆழமா போவக் கூடாது. நல்ல தண்ணி மேலதான் கெடக்கும். கையால பறிச்சி, ஊறுறவரைக்கும் குந்தியிருந்து மொள்ளணும். அவசரப்பட்டு வாரி எறைச்சா உப்பு ஏறிக்கும்." ஹெர்ஸ்பெர்க் சொன்னதற்கு மேல் இதில் ஒன்று இருக்கிறது. பொறுமையாக உட்கார்ந்து மொள்ள வேண்டும் என்கிற ஒழுங்கு அது. அந்த ஒழுங்கைத் தெரிந்து வைத்திருந்தவர்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

உப்பைக் கொண்டு வந்தவர்கள்

உப்பு தானாக ஏறி வருவதில்லை. ஏற்றிவிடுகிறார்கள். சென்னைக்கு வடக்கே ஆரணியாறு, கொசஸ்தலையாறு பாயும் பகுதியில் 1960களில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வில் நல்ல நிலத்தடி நீர் இருப்பது உறுதியானது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்று வயல்கள் வந்தன. நகரத்துக்கும் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் தண்ணி போனது. விவசாயத்துக்கும் மோட்டார் போட்டு இறைத்தார்கள். 1960களின் கடைசியிலேயே மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணி நிலத்துக்கடியில் உள்ளே நுழைந்துவிட்டது. பின்னால் அது பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். சட்டம் மேலே நடக்கிறது, உப்பு கீழே நடக்கிறது.

நான் போன நாகையில் கதை வேறு. அங்கே தண்ணியை உறிஞ்சியதோடு நிற்கவில்லை, கடலையே தூக்கி வந்து வயலுக்கு நடுவில் வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் வந்தன. நெல் விளைந்த நிலத்தைக் குளமாக வெட்டி, கடல் தண்ணியை மோட்டார் போட்டு நிரப்பினார்கள். குளத்துக்குப் பக்கத்தில் யாருடைய குடிதண்ணிக் கிணறு இருந்தது? நிலமில்லாத தலித் விவசாயக் கூலிகளின் கிணறு. 1968இல் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேரை உயிரோடு கொளுத்திய கீழவெண்மணி இருக்கிற அதே மாவட்டம். நெல் போனதால் நடவும் அறுப்பும் போயின. கூலியும் போனது, குடிதண்ணியும் போனது. காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கிற இறால் குளங்களை, பாரம்பரியமானவை தவிர, 1997 மார்ச் கடைசிக்குள் அகற்ற வேண்டும், கெடுத்தவர்களே இழப்பீடு தர வேண்டும், வேலை இழக்கிற தொழிலாளிகளுக்கு ஆறு வருஷக் கூலியை இழப்பீடாகத் தர வேண்டும் என்றது. நான் போனபோது அந்தக் கெடு முடிந்திருந்தது. குளங்கள் முடியவில்லை. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று ஒன்று வந்து, அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டது.

கடல் தாண்டிப் பார்த்தாலும் இதே கணக்குத்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடுகிற பெரிய ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில் மழைத்தண்ணி சேர்ந்து, கடல் தண்ணிமேல் மிதக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணியை நம்பித்தான் அங்கே வெங்காயம், மிளகாய், புகையிலை, மனுஷ உயிர் எல்லாம். பாறைக்கு அடியில் தண்ணி ஒன்றுதான், ஒரே பொந்து வழியாக எல்லார் கிணற்றுக்கும் போகிறது. மேலே கிணற்றுக் கட்டில் மட்டும் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கால் வைக்கக் கூடாது. வெள்ளாளர் வீட்டுக் கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்று, யாராவது அள்ளி ஊற்றினால்தான் தண்ணி. 1957இல் இலங்கை அரசு சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கொண்டுவந்த பிறகும் கிணற்றடிச் சண்டை நிற்கவில்லை. கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தார். காரணம் இதுதான்.

எங்கள் பாறை

ஆய்வு முடிந்து ஊருக்கு வந்த கோடையில் எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. கடல் தண்ணியை இவ்வளவு அளந்தோமே, நம்ம சேரித் தண்ணியை அளந்தால் என்ன? இரண்டு பாட்டிலில் தண்ணி பிடித்தேன். ஒன்று எங்கள் அடிபம்பு. இன்னொன்று ஏரிக்கரையை ஒட்டிய ஊர்க் கிணறு. அந்தத் தண்ணியை நான் போய் எடுக்கவில்லை. என்னோடு பள்ளியில் படித்த ஊர்ப் பையன் ஒருத்தன் மொண்டு தந்தான். நிலவியல் பட்டதாரி, ஒரு பாட்டில் தண்ணி எடுக்க இன்னொருத்தன் கை தேவைப்பட்டது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் அடிபம்புத் தண்ணியில் ஃபுளோரைடு அனுமதி அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஊர்க் கிணற்றுத் தண்ணி அளவுக்குள் இருந்தது.

இரண்டு பாட்டிலை வைத்து மாவட்டத்தின் வரலாற்றை எழுத முடியாது. அது தெரியும். ஆனால் ஏன் அப்படி இருந்தது என்பதற்கு நிலவியலில் காரணம் இருக்கிறது. தர்மபுரியின் அடியில் கிடப்பது மணல் இல்லை. இருநூற்றைம்பது கோடி வருஷத்துப் பழைய பாறை. சார்னோகைட், நைஸ், கிரானைட். அந்தப் பாறையில் இருக்கிற கருப்பு அபிரகம், ஹார்ன்பிளெண்ட், அபடைட் மாதிரியான கனிமங்களுக்குள் ஃபுளோரைடு ஒளிந்திருக்கிறது. மேலே இருக்கிற திறந்த கிணற்றில் ஊறுவது நேற்றைய மழை. ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். அது பாறையோடு அதிகம் பழகவில்லை. ஆழ்துளையில் வருவதோ பாறை இடுக்கில் வருஷக்கணக்காக ஊறிக் கிடந்த தண்ணி. காரத்தன்மை ஏறி, சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணியில் ஃபுளோரைடு நன்றாகக் கரையும். மழை குறைந்து, ஏரி வறண்டு, நிலத்தடி நீர் கீழே போகப் போக, கிணற்றைக் கைவிட்டுவிட்டு இன்னும் ஆழமாகத் துளை போட்டோம். கடற்கரையில் ஆழம் போனால் உப்பு. எங்கள் ஊரில் ஆழம் போனால் ஃபுளோரைடு.

ஒரு வித்தியாசம் உண்டு. உப்பு நாக்கில் தெரியும். ஃபுளோரைடு எலும்பில்தான் தெரியும். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. காய்ச்சினால் போகாது, தண்ணி வற்றுகிற அளவுக்கு இன்னும் செறிவாகும். உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை என்கிறது. இந்தியத் தரநிர்ணயம் 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 என்கிறது. அதைத் தாண்டிய தண்ணியைப் பால்பல் விழுந்து நிரந்தரப் பல் உருவாகிற வயசுக்குள் குடித்த பிள்ளைக்குப் பல் கறைபடும். இன்னும் அதிகமான அளவில் வருஷக்கணக்காகக் குடித்தவருக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகும். இறுகிய எலும்பை இளக்க மருந்து இல்லை. பால், கீரை, பருப்பு என்று சத்தான சோறு கிடைக்காத உடம்பை அது சீக்கிரம் பிடிக்கும். 1970களில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள், ஃபுளோரைடு பகுதியில் ஏழைப் பிள்ளைகளின் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற மாதிரி வளைந்திருப்பதை எழுதினார்கள்.

என் ஆயாவின் கழுத்து நாற்று நட்டதால் மட்டும் நின்றுபோனதா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை.

இதெல்லாம் அரசாங்கத்துக்குப் புதுச்செய்தியும் இல்லை. 1937லேயே ஷார்ட் என்பவரும் கூட்டாளி மருத்துவர்களும் 'சென்னை மாகாணத்தில் ஃபுளோரோசிஸ்' பற்றி எழுதிவிட்டார்கள். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் எலும்பு இறுகிப்போன மனிதர்களைப் பார்த்து எழுதியது. வெள்ளைக்காரன் காலத்திலேயே நம் மாகாணத்தில், நம் பாறையைப் போன்ற பாறையில், இந்த நோய் காகிதத்தில் ஏறிவிட்டது. அந்தக் காகிதம் எங்கள் சேரிக்கு வந்து சேரவில்லை. அடிபம்பு வந்து சேர்ந்தது.

தனிக் கிணறு என்கிற தர்மம்

அடிபம்பு ஏன் சேரிக்கு வந்தது? இதைக் கேட்காமல் ஃபுளோரைடு பற்றிப் பேசுகிறவர்கள் பாதி வரலாற்றைத்தான் பேசுகிறார்கள்.

எங்கள் ஆயா காலத்தில் ஊர்க் கிணறுதான் எல்லாருக்கும் தண்ணி. ஆனால் எங்கள் ஆட்கள் கிணற்றுக் கல்லை மிதிக்கக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "சாமி, ஒரு தோண்டி ஊத்துங்க சாமி" என்று நிற்க வேண்டும். அவர்கள் மாட்டுக்கு ஊற்றி, செடிக்கு ஊற்றி, பிறகு மனசு இருந்தால் எங்களுக்கு ஊற்றுவார்கள். அந்தக் கிணற்றைத் தூர் வாரியவர்கள் யார்? எங்கள் தாத்தாக்கள். தூர் வாருகிறபோது உள்ளே இறங்கிச் சேற்றை அள்ளலாம், தீட்டில்லை. தண்ணி ஊறியதும் தீட்டு. ஏரியின் மதகைத் திறந்து மூடி, இராத்திரியெல்லாம் காவல் காத்துத் தண்ணி பங்கிட்டவர்களும் எங்கள் ஆட்கள்தான். வயலுக்குப் பாயும்போது எங்கள் கை பட்ட தண்ணி, குடத்துக்குள் போகும்போது மட்டும் கெட்டுப்போகும்.

இந்த அநியாயத்துக்கு இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, கிணற்றைப் பொதுவாக்குவது. 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் அதைத்தான் கேட்டது. பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் குளம் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்குத் தடை கூடாது என்றது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாராஷ்டிரத்தின் மகாடில் ஆயிரக்கணக்கானோரோடு போய்ச் சவதார் குளத்தில் தண்ணி அள்ளிக் குடித்தார். சவதார் என்றால் மராத்தியில் ருசியான என்று அர்த்தம். அதுவும் கடலோர மாவட்டம்தான். நல்ல தண்ணிக்குப் பெயர் போன குளம். நகராட்சி திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டும் யாரும் விடவில்லை. அந்தத் தண்ணியைக் குடிக்காவிட்டால் நாங்கள் செத்துப்போக மாட்டோம், மனிதர்கள் என்று நிலைநாட்டவே குடிக்கிறோம் என்பதுதான் அவர் வாதம். வழக்கு நடந்து, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது. அதே 1937இல்தான் நெல்லூர் ஃபுளோரோசிஸ் கட்டுரையும் வந்தது. யாரும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை.

இன்னொரு பதில், சேரிக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுப்பது. 1920களில் சென்னை அரசின் தொழிலாளர் துறை இதைச் செய்தது. பிறகு காந்தியின் அரிசனத் தொண்டர்களும் செய்தார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஊருக்கும் சந்தோஷம். 1938இல் சென்னை மாகாணச் சமூக இயலாமைகள் நீக்கச் சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே தடையை நீக்கியது. 17ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்ததாக அறிவித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. சட்டமெல்லாம் முதல் பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தது. பொதுப்பணம் எல்லாம் இரண்டாவது பதிலுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

1970களில் துளை போடும் லாரிகள் வந்தன. இந்தியா மார்க் 2 என்கிற அடிபம்பு சென்னையில் தயாராகி நாடு முழுக்கப் போனது. ஐ.நா. குழந்தைகள் நிதியம் உதவியது. வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் சாகிற பிள்ளைகளைக் காப்பாற்ற அது நல்ல கருவி, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் சேரிக்கும் ஒன்று வந்தது. அன்றைக்குத் தேங்காய் உடைத்தார்களாம். ஆயா சொல்லுவாள்: "அன்னிக்குத்தாண்டா கண்ணு யாரையும் சாமின்னு கூப்பிடாம ஒரு கொடம் தண்ணி எடுத்தேன்." அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அன்றைக்கு நடந்தது என்ன என்பதை இன்றைக்கு நாம் சொல்லியாக வேண்டும். ஏரிக்கரையில் ஊறுகிற நல்ல தண்ணிக் கிணற்றைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டிய அரசாங்கம், அதைக் கேட்காமல், மேட்டில் கிடந்த எங்கள் சேரியின் பாறையைத் துளைத்துவிட்டுப் போனது. இரும்புக் குழாயில் தீண்டாமை பாதுகாப்பாக மாட்டப்பட்டது. தண்ணியைச் சோதித்துப் பார்த்துச் சொன்னவர் யாருமில்லை.

சரி, ஃபுளோரைடுக்குச் சாதி தெரியுமா? தெரியாது. 1980களில் ஏரிகள் வறண்டதும் ஊர்க்காரர்களும் ஆழ்துளைக்கு வந்தார்கள். பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் எங்கு பார்த்தாலும் எல்லாச் சாதியிலும் கறைப்பல் உண்டு. ஆனால் எங்களுக்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னாலேயே அந்தத் தண்ணி தொடங்கிவிட்டது. தண்ணி சரியில்லை என்று தெரிந்ததும் தோட்டத்துக் கிணற்றுக்கோ கேன் தண்ணிக்கோ மாற முடிந்தவர் மாறினார். மாற முடியாதவர் குடித்தார். பாறை ஃபுளோரைடைக் கொடுக்கிறது. யார் எவ்வளவு காலம் குடிக்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது.

1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பயன்படுத்துகிற ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ கெடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது நாடே அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசியது. 2025 ஜனவரியில் காவல்துறை அதே குடியிருப்பு இளைஞர்கள் மூவர் மேலேயே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஜனங்கள் அதை ஏற்கவில்லை. ஒரு கை கெடுத்தால் அதைக் குற்றம் என்று சொல்லச் சட்டத்துக்கு வார்த்தை இருக்கிறது. கெட்ட தண்ணி இருக்கிற இடத்தில் வருஷக்கணக்கில் ஜனங்களை நிறுத்தி வைப்பதற்கு இன்னும் வார்த்தை இல்லை.

ஒகேனக்கல் தண்ணி

2008 பிப்ரவரியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் குறைப்பு என்று சேர்த்திருந்தார்கள். ஜப்பான் கடனுதவி, கர்நாடகத்தில் எதிர்ப்பு, எல்லாம் தாண்டி 2013 மே மாதம் திறந்தார்கள். ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்த் திட்டம். தர்மபுரிக்கும், 2004இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணி. 1937க்கும் 2013க்கும் நடுவில் 76 வருஷம். அத்தனை தலைமுறைப் பல்லும் எலும்பும் அந்த நடுவில் கிடக்கிறது.

நல்ல திட்டம். எங்கள் சேரியிலும் இப்போது சின்னப் பிள்ளைகளின் பல் வெள்ளையாக இருக்கிறது. பார்க்கும்போது கண் கலங்கும். ஆனால் குழாய்க்கும் கடைமடை உண்டு. தொட்டியிலிருந்து புறப்படுகிற குழாய் ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் காலனிக்கு வருகிறது. முறை வைத்து விடுகிற நாளில் கடைசி வீட்டுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துபோகிறது. தண்ணி வராத நாளில் மறுபடி ஆழ்துளைத் தண்ணி. சில இடத்தில் இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து விடுகிறார்கள். குழாயில் வருவதால் அது ஒகேனக்கல் தண்ணி என்று ஜனங்கள் நம்புகிறார்கள். கலந்த தண்ணியிலும் ருசியில் வித்தியாசம் தெரியாது. முன்னேயே சொன்னேன், இது நாக்கில் தெரிகிற விஷயமில்லை.

அந்தக் காவிரிதான் இங்கிருந்து இறங்கி, மேட்டூர், கல்லணை தாண்டி, நான் துளைக்கருவியோடு நின்ற கடற்கரைப் பக்கம் பூம்புகாரில் கடலில் சேர்கிறது. மேலே ஆற்றில் தண்ணி குறைந்தால் கீழே கடைமடையில் உப்பு உள்ளே வருகிறது. தலைமாட்டில் எங்கள் எலும்பு, கால்மாட்டில் அவர்கள் கிணறு. ஒரே ஆற்றின் இரண்டு முனையிலும் ஓரத்தில் நிற்கிறவர்கள் ஒரே ஜனங்கள். தர்மபுரிக் காலனியும் நாகைக் காலனியும் தண்ணி பற்றி இதுவரை ஒன்றாக உட்கார்ந்து பேசியதில்லை. பேச வேண்டும் என்பதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் சேரியில் எந்த வருஷம் அடிபம்பு போட்டார்கள், அதற்கு முன் எந்தக் கிணறு, அதில் யார் ஊற்றினார்கள், எப்போது அந்தக் கிணறு வற்றியது என்று வயசானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போய்விட்டால் இந்த வரலாறு எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. பிறகு ஒரு பாட்டில் தண்ணி பிடியுங்கள். மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகம் இருக்கிறது. சோதித்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் எழுந்து நின்று படியுங்கள். மார்ச் 22, தண்ணீர் தினத்துக்கும் கிராம சபை வைக்கிறார்கள், அன்றைக்கே படியுங்கள். ஊர்த் தெருக் குழாயையும் காலனிக் குழாயையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

ஆயா இறந்தபோது அவளைப் பாடையில் நேராகப் படுக்க வைக்க முடியவில்லை. தலைக்கு அடியில் துணி மடித்து வைத்து முட்டுக் கொடுத்தோம். நாற்று நட்ட முதுகு என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது வாயைத் திறந்து, பல் தெரியச் சொல்லியிருக்கிறேன்.